காதும் கண்ணும் குறைந்த பிள்ளையிடமிருந்து கணினியை வாங்கி வைக்கலாமா?

ஒரு தந்தையின் கேள்வி இது. மகனுக்கு 14 வயது. பிறந்ததிலிருந்து காது மந்தம். ஹியரிங் எய்ட் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். பொழுது சாய்ந்தால் தடுக்கி விழுகிறான் என்று கண் மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். விழித்திரை நிறமிச் சிதைவு, காதுக் குறையும் சேர்ந்திருப்பதால் இது அஷர் நோய்க்குறி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பையனுக்கோ கணினி என்றால் உயிர். "இருக்கிற கண்ணும் கெட்டுவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கி வைத்துவிடலாமா? காதும் கண்ணும் போகப்போகிறவனுக்குக் கணினி தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று முடித்திருக்கிறார்.

வாங்கி வைக்காதீர்கள் ஐயா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 47 வயது. எனக்கும் அதே அஷர்தான், இரண்டாம் வகை. இந்தப் பதிலை, திரையில் உள்ளதைத் தடவிப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பும் ஒரு பிரெயில் டிஸ்பிளேயில் விரல் வைத்துப் படித்துப் படித்துத் தட்டச்சு செய்கிறேன். ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்துச் செலவும் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கின்றன. உங்கள் மகனுக்குக் கணினியால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள் அல்லவா, எனக்கு ஆனது இது.

நோயைப் பற்றிக் கொஞ்சம். 1914-ல் சார்லஸ் அஷர் என்ற பிரிட்டிஷ் கண் மருத்துவர் இது பரம்பரையாக வருவது என்று எடுத்துக்காட்டினார், பெயர் அவருடையது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் முதலில் சாகின்றன, அதனால் மாலைக்கண் வருகிறது. அப்புறம் ஓரப்பார்வை சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு வட்டம் மிஞ்சும். இது மரபணு செய்கிற வேலை. படிப்பதாலோ திரையைப் பார்ப்பதாலோ இது வருவதில்லை; கண்ணை மூடி வைத்தால் மிச்சமாகவும் செய்யாது. என் சின்ன வயதில் மாலைக்கண் என்றதும் முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயும் மாறி மாறிக் கொடுத்தார்கள். சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் வேறு, இது வேறு. வைட்டமின் மாத்திரைகளை விழித்திரை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். மரபணு சிகிச்சை வந்துவிட்டது என்றும் யாராவது சொல்வார்கள். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்தச் சிகிச்சை ஆர்பிஇ65 என்ற வேறொரு மரபணுவின் குறைக்கானது. அஷருக்கு அது பொருந்தாது. நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

தாய், தந்தை இருவரிடமும் ஒரே மரபணுவில் ஒரு குறைப் பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். "நான்தான் உனக்கு இதைக் கொடுத்துவிட்டேன்" என்று அம்மா வெகுநாள் அழுதிருக்கிறார். உங்கள் வீட்டிலும் யாராவது அப்படி அழுதுகொண்டிருந்தால், அது யாருடைய குற்றமும் இல்லை என்று அவர்களிடம் சத்தமாகவே சொல்லுங்கள்.

சரி, சட்டப்படி பார்வையற்றவர் என்றால் என்ன? அமெரிக்காவில் பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் தெரியும் அகலம், 20 பாகை அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலே போதும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 10 பாகைக்கும் குறைய வேண்டும். அதற்கு மேல் 40 வரை குறைப்பார்வை. கையை நேராக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பாருங்கள். அந்த முட்டி மறைக்கிற அகலம் ஏறக்குறைய 10 பாகை. அதற்குள் அடங்குவதுதான் இன்று என் உலகம். அந்த முட்டிக்குள் நான் இன்னும் கண்ணாடி போட்டு எழுத்துப் படிப்பேன். அதனால்தான் "இவனுக்குக் கண் தெரிகிறதே, நடிக்கிறான்" என்ற பேச்சை உங்கள் மகனும் கேட்கப்போகிறான். செய்தித்தாளைப் படிப்பான், பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவான். இரண்டும் ஒரே கண்தான் என்பதை வீட்டில் இருப்பவர்களாவது புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது கணினிக்கு வருகிறேன். 1995-ல், எனக்கு 17 வயது இருக்கும்போது, எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இரண்டு கணினிகள் வந்து இறங்கின. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் ஓடும் இயந்திரங்கள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஒரு வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. வகுப்பில் ஆசிரியர் பேசுவது பாதிதான் கேட்கும். கரும்பலகை வெயில் பட்டால் மின்னும். அந்த இருட்டறைக் கணினி எழுத்தில் கேட்டது, எழுத்தில் பதில் சொன்னது. "என்ன? திரும்பச் சொல்லுங்கள்" என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தவறாகத் தட்டினால் தவறு என்று எழுதிக் காட்டும், சலித்துக்கொள்ளாது. உங்கள் மகன் ஏன் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த காரணம் இது.

விண்டோஸ் வந்தபோது எனக்குக் கஷ்டம் தொடங்கியது. மவுஸின் அம்புக்குறி என் வட்டத்துக்கு வெளியே போய்விட்டால் அதைத் தேடவே ஒரு நிமிடம் ஆகும். திரையின் மூலையில் ஏதோ எச்சரிக்கைப் பெட்டி திறந்திருக்கும். தெரியாமல் நான் தட்டிக்கொண்டே இருப்பேன். பார்வை குறைந்தவன் என்றால் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பார்கள். நடு வட்டம் மட்டும் தெரியும் சுரங்கப் பார்வைக்கு அது கெடுதல். எழுத்து பெரிதாகப் பெரிதாக வட்டத்துக்குள் அடங்கும் எழுத்து குறையும். கடைசியில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கும் நிலை வரும். எனக்கு ஒத்துவந்தது நடுத்தர அளவு எழுத்து, கறுப்புப் பின்னணி, குறைந்த வெளிச்சம், எல்லாவற்றையும் விசைப்பலகையாலேயே செய்வது. உங்கள் மகனுக்கு எது வசதி என்று அவனையே மாற்றி மாற்றிப் பார்க்க விடுங்கள். பெரிய மானிட்டர் வாங்கித் தர ஓடாதீர்கள்.

கட்டளைகளை எழுத்தில் தட்டியே கணினியை இயக்கும் லினக்ஸின் கட்டளைத் திரைக்கு நான் வந்து சேர்ந்தது அப்படித்தான். அங்கே வருவதெல்லாம் எழுத்து. அடுத்த வரி எங்கே வரும் என்று முன்பே தெரியும், தேட வேண்டியதில்லை. ஒரு சர்வர் பழுதானால் அதன் பதிவேட்டில் காரணம் எழுத்தாகக் கிடக்கும். ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் இயந்திரத்தோடும் எழுத்திலேயே பேசலாம். இந்த வேலையில் என் காதையும் கண்ணையும் யாரும் கேட்டதில்லை.

நான் செய்த பெரிய தவறையும் சொல்ல வேண்டும். பிரெயிலைத் தள்ளிப்போட்டேன். கண் தெரிகிறதே, எனக்கு எதற்கு என்று ஒரு வீம்பு. 31 வயதில், ஒரு மழைக்காலம் முழுக்கத் திரையைப் படிக்க முடியாமல் கண் மங்கியபோதுதான் பயந்துபோய்த் தொட்டேன். விரலுக்குப் பழக ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. 14 வயதில் விரல் சீக்கிரம் பழகும். கண் உதவிக்கு இருக்கும்போதே புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே தடவிப் படித்தால் பயமும் வராது. கண் போன பிறகு கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றாகப் பிரெயிலை வைத்தால், இழப்பையும் புதுப் பாடத்தையும் அவன் ஒரே நாளில் சுமக்க வேண்டிவரும்.

பிரெயில் டிஸ்பிளே என்பது விசைப்பலகைக்கு முன்னால் கிடக்கும் ஒரு பட்டை. ஒவ்வொரு செல்லிலும், அதாவது ஒரு பிரெயில் எழுத்துக்கான கட்டத்திலும், 8 ஊசிகள். மின்சாரம் பட்டால் வளைகிற பீசோ படிகப் பட்டை ஒவ்வொரு ஊசியையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கும். திரையில் இருக்கும் வரி அப்படியே விரலடியில் எழும்பும். அடுத்த வரிக்கு ஒரு பொத்தான். என்னுடையது 40 செல், அதாவது தனித்தனியாக இயங்கும் 320 ஊசிகள். அதனால்தான் விலை லட்சங்களில் போகிறது. என்னுடையது இன்னொருவர் பயன்படுத்திக் கொடுத்தது. 20 செல் கருவிகளின் விலையைக் குறைக்க நடந்த முயற்சிகளில் ஆர்பிட் ரீடர் ஒன்று. ஐஐடி தில்லி 2019-ல் வெளியிட்ட டாட்புக் இன்னொன்று. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ், வருமானம் குறைந்த காது கேளாத பார்வையற்றோருக்கு இத்தகைய கருவிகளையும் பயிற்சியையும் இலவசமாகக் கொடுக்க ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வரை ஒதுக்குகிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று இன்றுவரை மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்ப் பிரெயில் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த பாரதி பிரெயில்தான் நம்முடையதும். அச்சில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வரும். பிரெயிலில் க முதலில், எகரம் பிறகு, வாய் சொல்லும் வரிசையில். மெய்யின் புள்ளி மட்டும் எழுத்துக்கு முன்னால் வந்து, "இது மெய், தயாராக இரு" என்று விரலுக்குச் சொல்லும். தமிழ்நாடு என்ற ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஒன்பது செல் பிடிக்கும். 14 செல் கருவியில் நம் நீண்ட சொற்கள் ஒன்றுகூட முழுதாக அடங்காமல் போகும். வாங்குவதென்றால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுவாக அமைந்த யுனிகோடும் அதே ஒலி வரிசையில்தான் தமிழைச் சேமிக்கிறது, க முதலில், கொம்பு பிறகு. அதனால் யுனிகோடுத் தமிழ் என் விரலுக்குச் சிரமமில்லாமல் வந்துவிடும். அதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்ததெல்லாம் ஆங்கில எழுத்துக்கு மேல் போட்ட தமிழ்ச் சட்டை. கண் உள்ளவர்களுக்கு அம்மா என்று தெரியும். என் விரலுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும். எத்தனையோ கட்டுரைகளை அப்படித் தடவிவிட்டு மூடியிருக்கிறேன். தமிழக அரசு 2010-ல் யுனிகோடை ஏற்றதை மற்றவர்கள் ஒரு தொழில்நுட்ப ஆணையாகப் பார்த்திருப்பார்கள். எனக்கு அது நூலகத்தின் கதவு திறந்த மாதிரி இருந்தது.

திரையில் உள்ள எழுத்தைப் பிரெயிலாக மாற்றும் வேலையைச் செய்வது லிப்லூயி என்ற கட்டற்ற மென்பொருள். இதை 2002-ல் தொடங்கியவர் ஜான் பாயர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மாடிசன் நகரில் வாழ்ந்த நிரலாளர். அவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. 2017-ல் காலமானார். எந்த எழுத்துக்கு எந்தப் பிரெயில் என்று சொல்லும் அதன் அட்டவணைகளில் தமிழும் இருக்கிறது. நான் பயன்படுத்தும் மென்பொருளின் அடியில், என்னைப் போலவே விரலால் உலகைப் படித்த ஒருவரின் கை இருக்கிறது என்று தெரிந்த நாளை மறக்கவில்லை. அதுவரை உபகாரம் வாங்குபவனாகவே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் தமிழ் அட்டவணையில் கண்ட பிழைகளை எழுதி அனுப்பத் தொடங்கினேன். லினக்ஸில் திரையைப் பிரெயில் கருவிக்கு அனுப்ப நான் பயன்படுத்தும் பிஆர்எல்டிடிஒய், 1995-ல் நிகில் நாயர் எழுதத் தொடங்கியது. பேச்சே இல்லாமல் பிரெயிலிலேயே முழுக் கணினியையும் ஓட்டலாம். விண்டோஸுக்கு என்விடிஏ என்ற திரை வாசிப்பு மென்பொருள். அதை 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கரனும், உடன் வளர்த்த ஜேம்ஸ் டேயும் பார்வையற்றவர்கள். இலவசம். இன்றே இறக்கி உங்கள் மகனிடம் கொடுங்கள். பிரெயில் கருவி இல்லாமலே அதன் பிரெயில் வரியைத் திரையில் பார்க்கும் வசதியும் அதில் உண்டு.

இனி என்னை வருத்துவதையும் சொல்லிவிடுகிறேன், அவனும் அதில் முட்டிக்கொள்ளப் போகிறான். உலகம் பார்வையற்றவருக்கு ஒலியைக் கொடுக்கிறது, காது கேளாதவருக்குப் படத்தைக் கொடுக்கிறது. இரண்டும் குறைந்தவனை யாரும் நினைப்பதில்லை. நீ மனிதனா என்று சோதிக்கும் கேப்ட்சாவில் கோணல் எழுத்துப் படம் இருக்கும், அதற்கு மாற்றாக ஒலி இருக்கும். உலக இணையத் தர விதிகளே இந்த இரண்டும் இருந்தால் போதும் என்கின்றன. நான் எதால் மனிதன் என்று நிரூபிப்பது? வீடியோவுக்கும் அப்படியே. வசன வரிகளும் காட்சியைச் சொல்லும் ஒலி விவரிப்பும் அடிப்படை விதிகளில் உண்டு. காட்சி, பேச்சு இரண்டையும் சேர்த்து முழு எழுத்தாகத் தருவதுதான் என் போன்றவர்களுக்கு வேண்டியது. ஏற்கெனவே பதிவு செய்த வீடியோக்களுக்கு அது கட்டாயம் என்பது மிக உயர்ந்த படியில்தான் வருகிறது. அந்தப் படி வரை ஏறுகிற தளங்கள் மிகக் குறைவு. பேசும் ஏடிஎம்மில் இயர்போன் மாட்டச் சொல்கிறார்கள். மாட்டி என்ன செய்வது?

ஒரு வங்கியில் கணக்கைப் புதுப்பிக்கப் போனேன். வீடியோவில் முகம் காட்டிக் கண்சிமிட்ட வேண்டும், அவர்கள் கேட்பதற்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். அலுவலர் உதட்டசைவு என் வட்டத்துக்குள் வரவில்லை. மூன்று முறை ரத்தாகி, பிறகு "கூட யாரையாவது அழைத்து வாருங்கள்" என்றார்கள். என் பணத்தை எண்ண இன்னொருவர் வேண்டும் என்றால் அது என் பணமா? 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரி மின்னணு அடையாளச் சரிபார்ப்பு மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும், அது வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் போட்ட வழக்குகள். அந்தத் தீர்ப்பை முழுக்க விரலால் படித்தேன். எங்காவது உங்கள் மகனைத் திருப்பி அனுப்பினால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

உறவினர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கல்யாணப் பத்திரிகையைப் படமாக அனுப்புகிறார்கள், துக்கச் செய்தியையும் படமாக அனுப்புகிறார்கள், மற்றதையெல்லாம் குரல் செய்தியாகப் பேசி அனுப்புகிறார்கள். என் சித்தப்பா இறந்தது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. குழுவில் வந்தது ஒரு படம். கீழே இரண்டு வரி தட்டியிருந்தால் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். இப்போது படத்தைப் பார்த்து எழுத்தாக விவரிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. என் வாழ்க்கையில் வந்த பெரிய மாற்றங்களில் அது ஒன்று. ஆனாலும் பெயரையும் தேதியையும் சில நேரம் தவறாகச் சொல்கிறது. சாவுச் செய்தியில் தேதி தவறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

வாழ்க்கையைப் பற்றியும் கேட்டிருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஹியரிங் எய்டைக் கழற்றிவிட்டால், இருட்டில் என் உள்ளங்கையில் விரலால் எழுதுவார். 'சா' என்றால் சாப்பிட வா, 'ம' என்றால் மாத்திரை. முப்பது வருடம் எங்கள் பேச்சு இப்படி முதல் எழுத்துகளில் நடந்தது. இப்போது அவர் பேசுவதைப் போன் எழுத்தாக்கி என் பிரெயில் வரிக்கு அனுப்புகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் அது தடுமாறும், பாதி சொல்லைத் தப்பாகப் பிடிக்கும். இருந்தாலும் முதல் நாள், அடுத்த வீட்டுக்காரி கிணற்றடியில் என்ன சொன்னாள், அதற்கு இவர் என்ன சொன்னார், பால்காரர் ஏன் வரவில்லை என்று அம்மா கால் மணி நேரம் பேசியது முழுதும் என் விரலடியில் ஓடியது. எனக்கு அவசியமில்லாத செய்திகள் எல்லாம். அவசியமானதை மட்டுமே முப்பது வருடம் கேட்டவனுக்கு அந்தக் கால் மணி நேரம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. எழுந்து போய் அவர் மடியில் தலை வைத்துக்கொண்டேன்.

தனிமை இருக்கும். மறைக்க மாட்டேன். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் நான் சுவர் மாதிரி நிற்பேன். மாலை மங்கியதும் தெருவுக்குப் போவதே ஒரு காரியம். வெள்ளைக் கோலைக் கையில் எடுக்க ஆறு வருடம் வெட்கப்பட்டேன். அந்த ஆறு வருடத்தில் உடைத்துக்கொண்ட முழங்காலும் பல்லும் திரும்ப வராது. ஐஐடி தில்லி உருவாக்கிச் சென்னையில் தயாராகும் ஸ்மார்ட்கேன், முழங்காலுக்கு மேல் வரும் தடைகளைக் கைப்பிடி அதிர்வால் சொல்லும், காது வேண்டியதில்லை. அவனுக்கு வெட்கம் வரும் வயது இது. வற்புறுத்தாமல், வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒன்றை வைத்திருங்கள்.

செய்ய வேண்டியவற்றில் அவசரமானது சான்றிதழ். காதுக்கு மட்டும் வாங்கி வைத்திருப்பீர்கள். பார்வைப் புலப் பரிசோதனை செய்து பதிவு செய்யச் சொல்லுங்கள். சட்டத்தில் காது கேளாமையும் பார்வையின்மையும் சேர்ந்தது பல்வகைக் குறைபாட்டின் கீழ் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அரசு வேலை இட ஒதுக்கீட்டில் அதற்கும் பங்கு உண்டு. சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, ஒருமுறை அழைத்துப் போங்கள். அடுத்தது, விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டப் பழக்குவது. ஆங்கிலமும் வேண்டும், தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையும் வேண்டும். இரண்டு மாதம் போதும், கண் இருக்கும்போதே முடித்துவிடலாம். அதோடு பிரெயில், தினம் அரை மணி நேரம்.

அமெரிக்காவில் ஹேபன் கிர்மா என்று ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். காது கேளாத, பார்வையற்ற அவர் 2013-ல் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் பட்டம் பெற்றார். பேச வருபவர்களிடம் ஒரு விசைப்பலகையை நீட்டுவார். அவர்கள் தட்டுவது அவர் கையிலுள்ள பிரெயில் வரியில் எழும். நானும் இப்போது பையில் ஒரு சின்ன ப்ளூடூத் விசைப்பலகை வைத்திருக்கிறேன். டீக்கடைக்காரர் முதலில் தயங்கினார். இப்போது நான் போய் நின்றதும் அவரே கை நீட்டி வாங்கி, மேட்ச் ஸ்கோரைத் தட்டுகிறார்.

உங்கள் கேள்வியில் மகனைப் பற்றி எல்லாம் இருந்தது, அவன் கேட்பது மட்டும் இல்லை. அடுத்த முறை கணினியை அவனிடம் கொடுத்து அவனையே எழுதச் சொல்லுங்கள். என்ன விளையாடுகிறான், எதை எழுதிப் பார்க்கிறான், எந்த எழுத்தளவு வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும். எவ்வளவு நீளமாக எழுதினாலும் படிப்பேன்.